மூட்டையில் நீ எழுதிய உத்தரவாதம்

மக்ளே,

நாலு வரியைத் திருத்தித் தரச் சொன்னால் இந்த அம்மா எதற்குப் பக்கம் பக்கமாக எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆபீஸ் பக்கத்தில் ரூம் எடுத்துப் போன பிறகு, ஃபோனில் பேசினால் ‘பின்னே விளிக்காம் அம்மா’ என்று வைத்துவிடுகிறாய். இங்கிலீஷில் எழுதினால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து போர்டு படிப்பதுபோல் படித்துவிட்டு, கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிக் கணக்கை முடித்துவிடுவாய். மலையாளத்தில் எழுத எனக்குக் கை வராது. தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். ஒரு வரியைத் தாண்ட உனக்கு நேரமாகும், நடுவில் தப்பித்து ஓடவும் முடியாது. இத்தனை வருஷம் உனக்குத் தமிழ் சரியாகச் சொல்லித் தரவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அது எனக்கு வசதியாகப் போயிற்று.

நாளை சாயங்காலம் நீ நெல்லூருக்கு ரயில் ஏறுகிறாய். அங்கே கடற்கரை நெடுக இறால் குளங்கள், அத்தனைக்கும் உங்கள் கம்பெனியின் சத்துப் பொடியைக் கொண்டு சேர்ப்பது இனி உன் வேலை. அப்பா கோட்டைக்குள் நம் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, இப்போது கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முந்தாநாள் உன் மெசேஜ் வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்றுக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்.

‘அம்மா, ஒண்ணு நோக்கிட்டு தா. ஸ்பெல்லிங் மட்டும் மதி’ என்று எழுதியிருந்தாய். எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதுமாம். தமிழ்நாட்டுப் பண்ணைகளுக்குப் போகிற மூட்டையில் அச்சடிக்க நீயே தமிழில் எழுதிய வாசகம். நீயே எழுதினாய் என்பதில் எனக்குப் பெருமை வந்தது, முதல் மூன்று வரி வரைக்கும். ‘இந்தச் சத்துக் கலவை இறாலின் குடளை நலமாக வைக்கும்.’ குடளை இல்லை, குடலை. ‘தீவனத்தில் கலந்து நிழலில் உலர்த்திக் கொடுக்கவும்.’ சரி. ‘நோய் எதிர்பு சக்தி கூடும்.’ ஒரு ப் குறைகிறது, போட்டுக்கொள். நாலாவது வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ‘உங்கள் இறாலின் ஆரோக்கியத்துக்கு நாங்கள் உத்தரவாதம்.’ அதில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. இருந்திருந்தால் திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

நீ என்ன நினைத்து எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உன் மண்டைக்குள் ஓடியது உன் பள்ளிக்கூடத்து மலையாளம். ‘உத்தரவாதித்தம்’ என்றால் பொறுப்பு. கிளாஸ் லீடருக்கு உத்தரவாதித்தம், பிள்ளையைப் பெற்றவர்களுக்கு உத்தரவாதித்தம். நாங்கள் ஓடி ஒளிய மாட்டோம், கூப்பிட்டால் வருவோம், கூடவே நின்று பார்த்துக்கொள்வோம் என்று சொல்ல வந்தாய். நல்ல எண்ணம். ஆனால் தமிழில் உத்தரவாதம் என்பது அது இல்லை, மக்ளே. நாகர்கோவிலில் என் அம்மா வீட்டில் பிரஷர் குக்கர் வாங்கியபோது கூடவே ஒரு அட்டை வந்தது, அதில் போட்டிருந்த சொல் அது. ஒன்றும் ஆகாது, அப்படி ஆகிவிட்டால் நாங்களாச்சு என்று கடைக்காரன் அடித்துச் சொல்வது. குக்கரை அவன் செய்தான், அவன் சொல்லலாம். இறாலை நீ செய்யவில்லை. அது உன் சோதனைக் குளங்கள் இருக்கிற கடினங்குளத்துக் காயல் ஓரத்தில், காக்காய்க்கும் நண்டுக்கும் நடுவில், ஊரார் தண்ணீரில் வளர்கிறது.

எழுத்தில் மட்டும் என்றால் நான் இப்படிப் பதறியிருக்க மாட்டேன். இந்தச் சொல்லை உன் வாயிலிருந்தே ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் குளக்கரைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஆரம்பத்திலிருந்தே உன் வேலைக்கு எதிரி மாதிரி நீ என்னை நினைத்துக்கொள்வாய். ஆரம்பத்தில் எதிரிதான், ஒத்துக்கொள்கிறேன். சைவப் பிள்ளைமார் வீட்டில், மீன் வாசம் தெரியாத அடுக்களையில் வளர்ந்த பிள்ளை, ஃபிஷரீஸ் படிக்கப் போகிறேன் என்றால் எந்த அம்மா குலவை போடுவாள்? போன ஆவணியில் ஊரில் நடந்த கல்யாணத்தில் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடம் ‘பயோ சம்பந்தப்பட்ட கம்பெனி’ என்றேன். இறால் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நீ சிரித்துக்கொண்டே பாயசத்தைக் குடித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே உன்னிடம் அப்போது ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

அதற்கப்புறம் அந்தப் பொடிக் கூத்து. நீ சாம்பிளைக் கொண்டுவந்து, வேறு டப்பா கிடைக்காமல், நம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தாய். ஈஸ்ட்டும் பூண்டும் இன்னும் என்னென்னவோ சேர்ந்த பொடி. அப்பா அதை ஏதோ மோர்ப்பொடி என்று நினைத்து, மோரில் கலக்கிக் குடித்துவிட்டு, ‘கொள்ளாம், கொஞ்சம் பெருங்காயம் கம்மி’ என்று மெச்சினார். ஃபோனில் சொன்னதும் நீ ஆபீசிலிருந்து அலறினாய். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருஷம் மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுத்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் அவருக்கு நல்ல பசி. ‘அப்பா எங்களோட பெஸ்ட் ட்ரையல் கேஸ்’ என்று நீ இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறாய்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில்தான் முதல் தடவையாக உன் வேலை என்னவென்று உன்னிடம் ஒழுங்காகக் கேட்டேன். நீயும் சோற்றைப் பிசைந்தபடியே ஒழுங்காகச் சொன்னாய். மனிதனுக்கு ஒரு தடவை அம்மை போட்டால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், இறாலுக்கு அந்த மாதிரி ஞாபகம் கிடையாது, அதனால் நமக்குக் குத்துகிற மாதிரித் தடுப்பூசி அதற்குப் பலிக்காது என்றாய். வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டால் மருந்தே கிடையாது, குளம் முழுக்கப் போய்விடும் என்றாய். அது நண்டில் ஏறி வரும், தண்ணீரில் வரும், செத்த இறாலைக் காக்காய் தூக்கிவந்து போட்டால் அதில் வரும் என்றாய். அப்படியானால் உன் பொடி எதற்கு என்று கேட்டேன். ‘வாட்ச்மேனுக்கு சாயா வாங்கிக் குடுக்கிற மாதிரி அம்மா. உறங்காம இருப்பான். ஆனா கேட்டைத் தொறந்து போட்டுட்டு சாயா மட்டும் குடுத்தா என்ன காரியம்?’ என்றாய். எவ்வளவு அழகாகச் சொன்னாய். இதை மூட்டையில் எழுதியிருந்தால் நான் காற்புள்ளிகூடத் தொட்டிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடினங்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளம். ஒன்றில் உன் பொடி கலந்த தீவனம், இன்னொன்றில் வெறும் தீவனம். கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கியிருந்த வலைத் தட்டை நீ தூக்கினாய். ஒரு இறாலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, கண்ணாடி மாதிரி உடம்பு, அதன் முதுகோடு ஓடுகிற கறுப்புக் கோட்டைக் காட்டினாய். ‘பார் அம்மா, குடல் நிறைஞ்சிருக்கு. நல்லாத் திங்குது.’ அது உன் விரலில் துள்ளியது. அடுத்த குளத்துத் தட்டிலும் இறால் இருந்தது, ஆனால் சிலதில் அந்தக் கோடு நடுநடுவே விட்டுப்போயிருந்தது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. உன் பொடி பொய்யில்லை, மக்ளே. அதை நான் கண்ணால் பார்த்தேன். நான் பெற்ற பிள்ளை ஒரு பிராணிக்கு வயிறு நிறையத் தின்ன வைத்திருக்கிறான் என்று அந்த வரப்பில் நின்று எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் குளங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற செல்வராஜ் நம்மோடு நின்றார். தூத்துக்குடிப் பக்கம், ஊரில் வெள்ளைப்புள்ளி நோயில் ஒரு தடவை எல்லாம் போய், இங்கே வந்து முதலிலிருந்து ஆரம்பித்தவர். நான் தமிழ் பேசியதும் அவருக்கு ஒரே குஷி. இளநீர் வெட்டித் தந்தார். தந்துவிட்டு உன்னிடம் திரும்பி, ‘தம்பி, இதப் போட்டா நோய் கீய் வந்துராதுல்லா?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. நீ அவர் தோளைத் தட்டி, ‘நான் உண்டல்லோ அண்ணே. இதுக்கு உத்தரவாதம் நான்’ என்றாய்.

அந்த இடத்தில் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒருசேரக் கேட்ட ஆள் நான் ஒருத்திதான். நீ சொன்னது, உங்கள் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று. அவர் காதில் விழுந்தது, நோய் வராது என்று. அவர் முகம் அப்படியே இறுக்கம் விட்டு விரிந்ததை நான் பார்த்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உன்னைவிட எவ்வளவு மூத்தவர், அவர் உன் கையைப் பிடித்த விதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் இது உன் வேலை இடம், அம்மாக்காரி நடுவில் புகுந்து இலக்கணம் பேசினால் உனக்கு மானம் போகும் என்று இளநீரைக் குடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் நீ தூங்கிவிட்டாய். தூங்குகிற பிள்ளையை எழுப்பி இதைச் சொல்வதா என்று விட்டுவிட்டேன்.

நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று உனக்குப் புரிய வேண்டும் என்றால் உன் அப்பாவைப் பார். நீ பிளஸ் டூ படிக்கும்போது அவருக்குக் கொழுப்புக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் சாயங்காலம் ஒரு வடையோடு நிறுத்திக்கொண்டிருந்த மனிதர், மாத்திரை வந்த அன்றிலிருந்து மூன்று வடை. கேட்டால் ‘அதான் மாத்திரை போட்டாச்சே’ என்பார். நடப்பதையும் நிறுத்தினார். மாத்திரைதான் நடக்கிறதே, இவர் எதற்கு நடக்க வேண்டும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மீசை முளைத்த பையன், மாத்திரை சாப்பிட்டவருக்கு எப்படி வந்தது என்று சின்னக் குழந்தை மாதிரிக் கேட்டாய்: ‘டேப்லட் கழிச்சதல்லே அம்மா? பின்னே எப்படி?’ மாத்திரை அதன் வேலையைச் செய்தது, உன் அப்பா அவர் வேலையைச் செய்தார் என்றேன். உனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

கடையில் நான் தினமும் பார்த்தது இதுதான். மருந்து கெடுதல் செய்து நான் பார்த்தது குறைவு. மருந்து இருக்கிறதே என்ற தைரியம் செய்த கெடுதலைத்தான் அதிகம் பார்த்தேன். சத்து மாவு குடிக்கிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்கள், டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் வைத்திருந்தவர்கள். அவர்களை முட்டாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பயந்தவர்கள் அவர்கள். பயந்தவன் காதில் ‘கொஞ்சம் உதவும்’ என்பது ‘காப்பாற்றும்’ என்றுதான் விழும். கேட்பவனுடைய பயத்துக்கும் சேர்த்துச் சொல்பவன்தான் வார்த்தையைக் குறைத்துப் போட வேண்டும். செல்வராஜ் பயந்தவர். ஒரு தடவை எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்.

முந்தாநாள் உன் நாலாவது வரியைப் பார்த்ததும் உடனே உன்னைக் கூப்பிட்டேன். ‘மக்ளே, இந்த வார்த்தை வேண்டாம், தமிழில் இது வேற’ என்றேன். ‘ரெண்டும் ஒண்ணு தன்னே அம்மா, சாரமில்லை’ என்று தட்டிவிட்டாய். இல்லவே இல்லை என்று நான் விளக்கினேன். அப்புறம் சொன்னாய், மேனேஜருக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம், யாரோ அவருக்கு அர்த்தம் சொன்னார்களாம், ‘நல்ல ஸ்ட்ராங் ஆயிட்டுண்டு, மாற்றண்டா’ என்று மாற்ற விடவில்லையாம். ஆக, இப்போது அது தெரியாமல் வந்த பிழையும் இல்லை. சரி, மூட்டையை விடு, செல்வராஜிடமாவது விளக்கிச் சொல்லிவிட்டுப் போ என்றேன். அதற்கு, ‘நான் போனதுக்குப் பின்னே புது ஆள் வந்து அவரை நோக்கிக்கொள்ளும் அம்மா. இப்போ போய் ஒண்ணும் பறைய வேண்டாம். ட்ரையல் நல்லாப் போயிட்டிருக்கு’ என்றாய்.

அதுதான் என்னை உட்கார விடவில்லை. வார்த்தை தெரியாமல் போவது ஒரு குற்றமே இல்லை. உனக்குத் தமிழ் தெரியாததற்கு நான்தான் காரணம் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் தெரிந்த பிறகும் பேசாமல் இருப்பது உனக்கு எப்படி வந்தது? இது நம் வீட்டுப் பழக்கம் இல்லையே.

நேற்றுக் காலையில் அப்பாவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, கழக்கூட்டத்தில் இறங்கினேன். உன் ஆபீஸ் கட்டடம் தெரிகிற இடத்தில்தான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். உன்னைக் கூப்பிட்டுக் கீழே வரச் சொல்லலாமா என்று ஃபோனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

குளத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி. செல்வராஜின் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொருவருடைய குளத்தை அவசரமாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள், நோய் விழுந்திருக்க வேண்டும். வரப்பெல்லாம் காக்காய். தண்ணீர் முழுக்கக் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. செல்வராஜின் குளத்தைச் சுற்றி, நண்டு வராமல் இருக்கக் கட்டியிருந்த நண்டு வலை ஒரு மூலையில் மழையில் சாய்ந்து அப்படியே கிடந்தது. போன தடவை நான் வந்தபோது நீ எனக்கு ஒரு தொட்டிக்குளத்தைக் காட்டினாயே, கால்வாய்த் தண்ணீரை முதலில் அதில் விட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, சில நாள் ஆறவிட்டுத்தான் இறால் குளத்துக்கு விடுவார்கள் என்று, அது வறண்டு கிடந்தது. வெயிலில் குளத்துத் தண்ணீர் இறங்கியிருந்தது. செல்வராஜ் மதகுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேராகக் கால்வாயிலிருந்து எடுக்கப் போகிறார்.

‘அந்தத் தண்ணி வேண்டாமே’ என்றேன். என்னைப் பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம். ‘வாங்கம்மா, தம்பி வரலியா?’ என்று கேட்டுவிட்டு, ‘பிளீச்சிங் போட்டு வச்சு எடுக்க இப்ப நேரமில்லம்மா, தண்ணி எறங்கிட்டு. ஒண்ணும் ஆகாது. தம்பிதான் உத்தரவாதம்னு சொல்லிட்டாருல்லா? பொறவு என்னத்துக்குப் பயப்படணும்?’ என்றார். அதைச் சொல்லும்போது அவர் எவ்வளவு நிம்மதியாக இருந்தார் என்று உன்னால் கற்பனை செய்ய முடியாது. அந்த நிம்மதியை நான் என் கையால் பிடுங்க வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீ சோற்றுத் தட்டின் முன்னால் சொன்னது அத்தனையும். பொடி வயிற்றுக்கு நல்லது, உடம்பைத் தேற்றும், சின்னச் சின்னக் கோளாறைத் தாங்க வைக்கும், ஆனால் வெள்ளைப்புள்ளி உள்ளே நுழைந்தால் நிறுத்தாது என்றேன். அவர் பலகையைக் கீழே வைத்தார். ‘அப்ப தம்பி எங்கிட்ட பொய்யா சொன்னாரு?’ என்று கேட்டார். ‘பொய் சொல்லல. அவன் மலையாளம் சொன்னான், நீங்க தமிழ் கேட்டீங்க’ என்றேன். எடுத்துச் சொல்லிப் புரிய வைத்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சாய்ந்து கிடந்த வலையைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு சொன்னார்: ‘அம்மா, நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ஆனா நீங்க இறாலு திங்காத ஆளு. தம்பி படிச்சவரு, கம்பெனிக்காரரு. அவரு ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொன்னா நான் ஆரு பேச்சக் கேக்க? தம்பி வந்து இங்க நின்னு அவரு வாயால சொல்லட்டும். வலையக் கட்டுதேன், பிளீச்சிங் போடுதேன், பொடியும் போடுதேன். அதுவரைக்கும் மதகத் தொறக்க மாட்டேன்.’ இறால் மூச்சு முட்டி மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்தால் அவராலும் தாக்குப் பிடிக்க முடியாது என்றும் சொன்னார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். மழை பெய்தால் தாங்கும் என்று வானத்தைப் பார்த்தார். வானம் பளிச்சென்று இருந்தது.

நீ போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் கோபத்தில் சோதனையை நிறுத்திக்கொள்ளலாம். மேனேஜருக்கு விஷயம் போகும். நெல்லூர் டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னாலும் சொல்வார்கள். அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிற நடை போய்விடும். இதையெல்லாம் நான் பஸ்ஸில் வரும்போதே யோசித்துவிட்டேன், யோசித்து யோசித்து என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினேன். அப்படியே நடந்தாலும் நீ பட்டினி கிடக்கப் போவதில்லை. உன் பொடி நல்ல பொடி, அதை நேராகச் சொல்லி விற்கலாம். விற்க அதிக நாள் பிடிக்கும், அவ்வளவுதான். செல்வராஜுக்கு இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லை, மக்ளே. அவர் முகத்தில் அது எழுதியிருக்கிறது, அதைப் படிக்க எந்த மொழியும் தெரிய வேண்டாம்.

மூட்டைக்கு நாலாவது வரி நான் எழுதித் தருகிறேன். ‘இது நோய்க்கு மருந்து அல்ல. நோய் வராமல் இருக்க நல்ல குஞ்சு, சுத்தமான தண்ணீர், நண்டு வலை ஆகியவை எப்போதும் தேவை. இது அவற்றோடு சேர்ந்து உதவும்.’ கொஞ்சம் நீளம்தான். இடம் பத்தாது என்று மேனேஜர் சொன்னால் படத்தில் குதிக்கிற அந்த இறாலைச் சின்னதாக்கச் சொல். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் உன் வரியை வேறு யாராவது திருத்தித் தரட்டும், அம்மா அதில் கை வைக்கமாட்டாள் என்று சொல்லிவிடு.

இதை எழுதும்போதே நான்கு தடவை எழுந்து போய் வாசலில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அப்பா, ‘என்ன, வத்தல் காயப் போட்டிருக்கியா?’ என்கிறார். அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று நான் கிளம்பும்போது செல்வராஜ் சாலை வரைக்கும் கூட வந்தார். நான் படியில் கால் வைத்த பிறகுதான் கேட்டார், ‘தம்பி நாளக்கழிச்சு ஊருக்குப் போறாருன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு முன்ன நெசமா இங்க வருவாராம்மா?’ உன்னிடம் கேட்காமல், யோசிக்காமல், வருவான் என்று சொல்லிவிட்டேன். அவரும் என்னை நம்பித் திரும்பி நடந்தார். நான் அவரிடம் சொன்னது சரிதானே, மக்ளே?

அம்மா